கொதித்தாறிய நீரே குடித்த குழந்தைக்கு ரோட்டா வந்தது எப்படி?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் வசிக்கிறோம். என் மகளுக்குப் 10 மாதம். சென்ற வாரம் ஒரு நாள் இரவு திடீரென்று சத்தி எடுக்கத் தொடங்கினாள். விடிந்ததும் காய்ச்சல், மாலையிலிருந்து தண்ணீராக வயிற்றோட்டம். ஒரே நாளில் 14 தடவை போனது. வைத்தியசாலையில் மூன்று நாள் வைத்திருந்து சேலைன் ஏற்றினார்கள். மலத்தைச் சோதித்துவிட்டு ‘ரோட்டா’ என்றார்கள். அன்ரிபயோட்டிக் எதுவும் தரவில்லை. நான் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துத்தான் கொடுக்கிறேன். போத்தல்களையும் அவித்துத்தான் எடுக்கிறேன். அப்படியிருந்தும் எங்கே பிழை விட்டேன்? மாமியோ பல் முளைப்பதால் வந்தது என்கிறார். இன்று ஒன்பதாவது நாள். சத்தி நின்றுவிட்டது. ஆனால் பால்மா கரைத்துக் கொடுத்தால் இன்னும் நுரையாகப் போகிறது. தாய்ப்பாலும் கொடுக்கிறேன். பாலை நிறுத்தவா? இது மீண்டும் வருமா? மூத்தவன் மொண்டிசோரிக்குப் போகிறான். வத்தளையில் இருக்கும் என் தங்கைக்குக் குழந்தை பிறந்து ஐந்து வாரம். இதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறதாமே, கொடுக்கச் சொல்லலாமா?
— ஒரு தாய், கொழும்பு 6

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஐந்தாறு கேள்விகள் இருந்தாலும், “எங்கே பிழை விட்டேன்” என்ற ஒன்றுதான் உங்களை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் பிழை விடவில்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. ரோட்டா வைரஸின் இயல்பை அறிந்த எந்தக் குழந்தை வைத்தியரும் இதையே சொல்வார்.

வயிற்றோட்டம் என்றதும் நமக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. கொலராவையும் நெருப்புக்காய்ச்சலையும் வயிற்றுளைவையும் கண்டு அஞ்சி வாழ்ந்த தலைமுறைகள், கொதித்தாறிய நீர் என்ற நல்ல பழக்கத்தை நமக்கு விட்டுச் சென்றிருக்கின்றன. அதை நீங்கள் கைவிடவே கூடாது. ஆனால் ரோட்டா பெரும்பாலும் தண்ணீர்க் குழாய் வழியாக வீட்டுக்குள் வருவதில்லை. குழாய்நீரும் மலசலகூடமும் மிகச் சிறப்பாக அமைந்த செல்வ நாடுகளிலும், தடுப்பு மருந்து வருவதற்கு முன், ஐந்து வயதை எட்டிய ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் இந்த வைரஸ் ஒரு தடவையாவது தொட்டிருந்தது. அது முதன்முதலில் மனிதரில் கண்டுபிடிக்கப்பட்டதும் ஏதோ ஒரு வறிய ஊரில் அன்று. 1973 இல், அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், வயிற்றோட்டத்துடன் வந்த குழந்தைகளின் முன்சிறுகுடலிலிருந்து எடுத்த சிறு இழையத் துண்டுகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்த ரூத் பிஷப்பும் அவருடைய சகாக்களும் அதைக் கண்டார்கள். ஆரக்கால்கள் பூட்டிய வண்டிச் சக்கரம் போன்ற அதன் தோற்றத்தைக் கொண்டே, சக்கரம் என்று பொருள்படும் ‘ரோட்டா’ என்ற இலத்தீன் சொல் அதற்குப் பெயராயிற்று.

நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட வைரஸ் துகள்கள் இருக்கக்கூடும். இன்னொரு குழந்தையை நோயில் வீழ்த்த அவற்றில் நூறோ அதற்கும் குறைவோ போதும். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத அளவு அழுக்கு ஒரு விரல் நுனியில் ஒட்டியிருந்தாலே போதும் என்பது விளங்கும். மேசை, பொம்மை, கதவுப் பிடி, லிப்ட் பொத்தான் போன்றவற்றின் மேல் அது நாட்கணக்கில் உயிர்ப்புடன் கிடக்கும். நோய் தெரியவருவதற்கு முன்பே குழந்தையின் மலத்தில் அது வெளியேறத் தொடங்குகிறது, நோய் தணிந்து பல நாட்கள் கழிந்த பின்னும் தொடர்கிறது. வளர்ந்த பிள்ளைகளும் பெரியவர்களும் தொற்றைப் பெற்றும் ஒன்றும் நேராதவர்கள்போல் நடமாடுவார்கள். உங்கள் மூத்த மகன் ஒருநாள் மந்தமாக இருந்து, அடுத்த நாள் வழமைபோல் மொண்டிசோரிக்குப் போயிருக்கலாம். அவன் கையிலிருந்த கார்ப் பொம்மையைத் தங்கை வாயில் வைத்திருக்கலாம். கண்டதையெல்லாம் வாயில் வைத்து உலகை அறிகிற வயது அவளுக்கு. கேத்தலால் அடைக்கக்கூடிய வழி அன்று இது.

மாமியின் பல் விளக்கத்துக்கு ஒரு சொல். அவர் கண்டது உண்மை. அதற்குச் சொன்ன காரணம்தான் சரியன்று. தாயிடமிருந்து கருவில் பெற்ற எதிர்ப்பாற்றல் தேய்ந்துபோவதும், தவழத் தொடங்குவதும், கையில் அகப்பட்டதை வாய்க்குக் கொண்டுபோவதும், பல் முளைப்பதும் எல்லாம் ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் ஒன்றாக நிகழ்கின்றன. ரோட்டா மிகக் கடுமையாகத் தாக்கும் வயதும் அதுவே. பல் முளைக்கும்போது எச்சில் வடியலாம், ஈறு நோகலாம். ஆனால் ஒரு நாளில் 14 தடவை தண்ணீராகப் போகாது. இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், ‘பல்லுக்குத்தான்’ என்று இரண்டு நாள் பொறுத்திருந்து, கண் குழிவிழுந்த பின் தூக்கிக்கொண்டு வரப்பட்ட குழந்தைகளை நான் பார்த்திருப்பதே.

இனி அன்ரிபயோட்டிக். அவை பக்ரீரியாக்களைக் கொல்லும் மருந்துகள். வைரஸின் மேல் அவற்றுக்கு வேலை இல்லை. ரோட்டா, சிறுகுடலின் உட்சுவரிலுள்ள விரல் போன்ற சடைமுளைகளின் நுனிக் கலங்களுக்குள் புகுந்து அவற்றை அழிக்கிறது. உணவையும் நீரையும் உறிஞ்சுகிற கலங்கள் அவைதாம். அதோடு, குடல் தன்னிடமுள்ள நீரையும் உப்பையும் வெளியே தள்ளும்படி தூண்டுகிற ஒரு நச்சுப் புரதத்தையும் இந்த வைரஸ் ஆக்குகிறது. உள்ளே போவது உறிஞ்சப்படாமலும், உள்ளே இருப்பது வெளியே கொட்டப்பட்டும் குழந்தை சில மணித்தியாலங்களில் வற்றிப்போவது இதனால்தான். சேதமுற்ற கலங்களுக்குப் பதிலாகப் புதியவை அடியிலிருந்து வளர்ந்து வருகின்றன. உடல் தானாகச் செய்யும் அந்த வேலையை விரைவுபடுத்தும் மருந்து நம்மிடம் இல்லை. அன்ரிபயோட்டிக் கொடுத்திருந்தால் குடலிலுள்ள நல்ல பக்ரீரியாக்களைக் குலைத்து வயிற்றோட்டத்தை நீட்டியிருக்கவும்கூடும். எதுவும் எழுதாமல் விட்ட அந்த வைத்தியரை நான் மதிக்கிறேன். மருந்துத் துண்டு நீளமாக இருந்தால்தான் நல்ல வைத்தியம் என்று எதிர்பார்க்கிற பெற்றோரின் முன்னால் அது எளிதான காரியம் அன்று. மலத்தில் இரத்தமும் சளியும் கலந்து போனால் கதை வேறு. அது பெரும்பாலும் பக்ரீரியாவின் வேலை, அப்போது வைத்தியர் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். வயிற்றோட்டத்தை உடனே கட்டும் என்று பெரியவர்கள் பாமசியில் வாங்கி விழுங்கும் குளிசைகளைக் குழந்தைகளுக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். அவை குடலின் அசைவை நிறுத்துகின்றனவே தவிர நீர் இழப்பை நிறுத்துவதில்லை. இழந்த நீர் குடலுக்குள்ளேயே தேங்கி நிற்க, வயிறு ஊதிக் குழந்தை ஆபத்துக்குள்ளாகலாம்.

சேலைன் ஏற்றியதுதான் மகளைக் காப்பாற்றியது என்று நீங்கள் எண்ணக்கூடும். அவள் இருந்த நிலையில் அது தேவைப்பட்டிருக்கலாம். குடித்ததையெல்லாம் சத்தியாக எடுக்கிற, துவண்டுபோன குழந்தைக்கு நாளத்தின் வழியே நீர் ஏற்ற வேண்டிவரும். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு வாயால் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலே அதே வேலையைச் செய்யும். குளுக்கோசும் சோடியமும் உரிய அளவில் சேர்ந்து போனால், சிறுகுடல் அவ்விரண்டையும் ஒன்றாக உள்ளிழுக்கிறது, நீர் அவற்றைப் பின்தொடர்ந்து செல்கிறது. வயிற்றோட்டம் கடுமையாக இருக்கும்போதும் இந்த வாசல் மூடிவிடுவதில்லை. 1971 இல் வங்காளதேச அகதிகள் எல்லை கடந்து வந்து நிறைந்த, இந்தியாவின் மேற்கு வங்காளத்திலுள்ள பொங்காவ் என்ற ஊரில், சேலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹலனாபிஸ் என்ற வைத்தியர் இக்கரைசலைப் பீப்பாய்களில் கரைத்து வைத்து, உறவினரே நோயாளிகளுக்கு ஊட்டும்படி செய்தார். ஏறத்தாழ 30 வீதமாக இருந்த இறப்பு 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. அது கொலராவாக இருந்தாலும், கரைசல் வேலை செய்யும் முறை ரோட்டாவிலும் அதுவே. நம் நாட்டில் ‘ஜீவனி’ என்ற பெயரால் ஒவ்வொரு பாமசியிலும் கிடைக்கும் பைக்கற்றுக்குள் இருப்பது இதுதான்.

அந்தப் பைக்கற்றைப் பற்றி நான் சற்று நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் என்னுடைய பிழை ஒன்று அதில் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், இளம் வைத்தியனாக ஒரு சிறுவர் வார்ட்டில் இருந்தபோது, வயிற்றோட்டத்துடன் வந்த எட்டு மாதக் குழந்தையின் தாயிடம் இரண்டு பைக்கற்றுகளைக் கொடுத்து, “கரைத்துக் கொடுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மறுநாள் மாலை அதே குழந்தை, தொட்டால் வீரிட்டு அழும் நிலையில், தீராத தாகத்தோடு திரும்பி வந்தது. இரத்தத்தில் சோடியம் அபாயகரமாக ஏறியிருந்தது. ஒரு லீற்றருக்குரிய பைக்கற்றை அந்தத் தாய் பால் போத்தலில் 240 மில்லிலீற்றர் நீரில் கரைத்திருந்தார். தடிப்பாகக் கரைத்தால் கெதியாகச் சுகம் வரும் என்று நினைத்தாராம். “அளவு நீங்கள் சொல்லவில்லையே, டொக்டர்” என்றார். அவர் சொன்னது சரி. குழந்தை இரண்டு நாட்களில் மீண்டது. அன்றிலிருந்து இன்றுவரை, போத்தலைக் கையில் எடுத்துக் காட்டாமல் நான் எவரிடமும் ஜீவனியைக் கொடுப்பதில்லை.

ஆகவே, பைக்கற்றில் அச்சிட்டிருக்கும் நீரின் அளவை முதலில் வாசியுங்கள். ஒரு லீற்றர் என்றிருந்தால், கடையில் வாங்கிய ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலே நல்ல அளவுகோல்: கொதித்தாறிய நீரை அதன் அளவுக்கு நிரப்பி, ஒரு பைக்கற் முழுவதையும் ஒரே தடவையில் கரையுங்கள். பாதிப் பைக்கற், கால் பைக்கற் என்று கண்ணால் பிரிக்காதீர்கள். சீனியோ பாலோ பழச்சாறோ சேர்க்காதீர்கள், கரைத்த பின் கொதிக்க வைக்காதீர்கள், 24 மணித்தியாலம் கடந்ததும் எஞ்சியதை ஊற்றிவிடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போன பின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை தேவைப்படும். இதைப் போத்தலில் விட்டு ஒரேயடியாகக் குடிக்கக் கொடுத்தால், தாகத்தில் மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே சத்தி எடுக்கும். ‘ஜீவனி வயிற்றில் தங்கவில்லை’ என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். கோப்பையிலிருந்து தேக்கரண்டியால், இரண்டொரு நிமிடத்துக்கு ஒரு கரண்டியாக ஊட்டுங்கள். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். இதற்குப் பொறுமை வேண்டும். இரவு முழுவதும் ஒருவர் மாறி ஒருவர் விழித்திருக்க வேண்டிவரும். தந்தைமார் இந்த இடத்தில் பெரிதும் உதவலாம்.

நம் வீடுகளில் தேசிக்காய் பிழிந்த கோப்பி ஒரு கைமருந்து. பெரியவர்கள் குடித்தால் நான் தடுக்கமாட்டேன், பத்து மாதக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். சோடா, ஜிஞ்சர் பியர், பைக்கற் பழச்சாறு ஆகியவற்றில் சர்க்கரை மிகை, உப்போ போதாது. அவை குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். வெறும் குளுக்கோஸ் கரைசலிலும் உப்பு இல்லை. செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய இருந்தாலும் சோடியம் மிகக் குறைவு, ஆதலால் ஜீவனிக்கு மேலதிகமாகச் சிறிது கொடுக்கலாமே தவிர, அதற்குப் பதிலாக அன்று. உப்பிட்ட அரிசிக் கஞ்சி நல்லது.

இப்போது உங்கள் பால் கேள்வி. தாய்ப்பாலை எந்தக் கட்டத்திலும் நிறுத்த வேண்டாம், நோயின் உச்சத்திலும்கூட. பால்மாவில் நுரையாகப் போவதற்கு ஒரு விளக்கம் உண்டு. பாலிலுள்ள லக்டோஸ் என்ற வெல்லத்தைச் சமிக்கச் செய்யும் நொதியம், வைரஸ் அழித்துச் சென்ற அதே நுனிக் கலங்களில்தான் சுரக்கிறது. புதிய கலங்கள் முதிரும்வரை அந்த வெல்லம் சமிக்கப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வாயுவும் நுரையும் புளித்த மணமும் கொண்ட மலமாக வெளியேறுகிறது. குழந்தையின் பின்புறத் தோல் சிவந்து புண்ணாவதும் இதனாலேயே. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஓரிரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். மகள் உற்சாகமாக விளையாடி, சிறுநீர் நன்றாகக் கழித்து, நிறை குறையாமல் இருந்தால், வழக்கமான பால்மாவை வழக்கமான அளவிலேயே தொடருங்கள். தண்ணீரைக் கூட்டிக் கரைப்பது குழந்தையைப் பட்டினி போடுவதற்குச் சமம். நுரையும் புண்ணும் கூடிக்கொண்டே போனால், லக்டோஸ் இல்லாத பால்மாவை ஓரிரு வாரத்துக்கு மட்டும் கொடுக்க வைத்தியர் சொல்லலாம். அதை நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் தொடர வேண்டாம். பத்து மாதத்தில் பால் மட்டும் உணவு அன்று என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: குழையவிட்ட சோறு, பருப்பு, மசித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், முட்டை என்று அவள் முன்பு உண்டதெல்லாம் இப்போதும் உண்ணலாம். நோய் தணிந்த பின் சில வாரங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இழந்த நிறை திரும்பும். வைத்தியர் சிங்க் என்னும் நாகச் சத்து மருந்து தந்திருந்தால், வயிற்றோட்டம் நின்றுவிட்டாலும் 10 முதல் 14 நாட்கள் வரை அதை முழுமையாகக் கொடுங்கள்.

நீங்கள் எழுதியபோது ஒன்பதாவது நாள்; கடிதம் என் கைக்கு வந்தே இரண்டு வாரம் ஆகிவிட்டதால் இப்போது 14 நாட்கள் தாண்டிவிட்டன. இன்னும் வயிற்றோட்டம் நிற்கவில்லையென்றால் கட்டாயம் வைத்தியரிடம் காட்டுங்கள். எந்த நாளிலும், குழந்தை குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் சோர்ந்து விழுந்தால், ஆறு மணித்தியாலத்துக்கு மேல் பம்பர்ஸ் உலர்ந்தே இருந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், கண்ணோ உச்சிக்குழியோ குழிவிழுந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டதும் மடிப்பு மெதுவாகத் தணிந்தால், பச்சை நிறத்தில் சத்தி எடுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால் நாளை காலைவரை காத்திராதீர்கள். இரவில் வாகனம் இல்லையென்றால் 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மீண்டும் வருமா என்றால், வரலாம். ஆனால் ரோட்டாவின் முதல் தாக்குதலே பெரும்பாலும் மிகக் கடுமையானது. ஒவ்வொரு தொற்றுக்குப் பின்னும் எதிர்ப்பாற்றல் கூடுவதால் அடுத்தவை மெலிந்துவிடும். நோரோ, அடினோ, அஸ்ட்ரோ போன்ற வேறு வைரஸ்களும் வயிற்றோட்டத்தைத் தருவதால், அடுத்த தடவை வருவது ரோட்டாவாகவே இருக்கும் என்றும் இல்லை.

மூத்தவனுக்கு வயிற்றோட்டம் இருந்தால், அது நின்று 48 மணித்தியாலம் கழியும்வரை மொண்டிசோரிக்கு அனுப்ப வேண்டாம். பம்பர்ஸ் மாற்றிய கையைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பம்பர்ஸ் மாற்றும் இடம் சமையலறைக்கும் போத்தல் கழுவும் தொட்டிக்கும் விலகி இருக்கட்டும். அந்த இடத்தையும் மலசலகூடத்தையும் குளோரின் கலந்த திரவத்தால் துடையுங்கள். வெறும் வாசனைத் திரவத்துக்கு இந்த வைரஸ் அஞ்சாது. இவ்வளவு செய்தும் அது பரவக்கூடும் என்பதாலேயே தடுப்பு மருந்து தேவைப்பட்டது.

உங்கள் தங்கையின் குழந்தையைப் பற்றிய கேள்வியில்தான் அவசரம் இருக்கிறது. ரோட்டாத் தடுப்பு மருந்து ஊசி அன்று; வாயில் விடும் சொட்டு மருந்து. வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் அதில் இருக்கிறது. எல்லா நாடுகளும் தத்தம் தேசியத் திட்டத்தில் இதைச் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009 இல் பரிந்துரைத்தது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் ரோட்டாவால் ஏற்பட்ட இறப்புகள், 2000 ஆம் ஆண்டில் உலகளவில் 5 இலட்சத்துக்கும் மேலாக இருந்து, 2013 இல் ஏறத்தாழ 2 இலட்சத்துக்குக் குறைந்தன. கரைசலும் தூய்மையும் போசாக்கும் இந்த மருந்தும் சேர்ந்து செய்த வேலை அது. இங்கே இது அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. ஆதலால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கில் எவரும் நினைவூட்டமாட்டார்கள். பெற்றோரே கேட்டு, தனியார் மருத்துவமனையில் பணம் செலுத்திப் பெற வேண்டும்.

இதற்கு ஒரு காலக்கெடு உண்டு. முதல் சொட்டை ஆறாவது வாரத்திலிருந்து கொடுக்கலாம். பொதுவாக 15 வாரம் நிறைவதற்குள் தொடங்கி, எட்டு மாதத்துக்குள் முடித்துவிடுகிறோம். மருந்தின் வகையைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று தடவை, குறைந்தது நான்கு வார இடைவெளியில். இரண்டு மாதத்தில் போடும் வழக்கமான தடுப்பூசிகளோடு சேர்த்துக் கொடுப்பதில் தடை இல்லை. செல்வ நாடுகளில் கடும் ரோட்டா நோயை இம்மருந்து ஏறத்தாழ 90 வீதம் தடுக்கிறது. வறிய நாடுகளில் பாதியளவே தடுக்கிறது. முழுக் கவசம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் மகள் பட்டதைப் பார்த்த பின் அந்தப் பாதியையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஓர் அபாயத்தையும் தங்கை அறிந்திருக்க வேண்டும். 1998 இல் அமெரிக்காவில் வந்த முதலாவது ரோட்டாத் தடுப்பு மருந்து, குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் செருகிக்கொள்ளும் நிலையைச் சில குழந்தைகளில் உண்டாக்கியதால் அடுத்த ஆண்டே மீளப்பெறப்பட்டது. இன்றுள்ள மருந்துகளில் அந்த அபாயம் மிகச் சிறியது. 20,000 முதல் 100,000 வரையான குழந்தைகளில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் சொட்டுக்குப் பின் ஒரு வாரத்துக்குள். கால்களை வயிற்றோடு மடக்கி, இடைவிட்டு இடைவிட்டு அழுவதும், சத்தியும், சிவந்த களி போன்ற மலமும் அதன் அறிகுறிகள். கண்டால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முன்பு குடல் செருகல் ஏற்பட்ட குழந்தைக்கும், பிறவியிலேயே நோயெதிர்ப்புத் தொகுதி கடுமையாகக் குறைபட்ட குழந்தைக்கும் இம்மருந்து கொடுப்பதில்லை.

உங்கள் கடிதம் என் கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. அக்குழந்தைக்கு இப்போது ஏழு வாரம். தங்கையை இன்றே அழைத்துச் சொல்லுங்கள். போகும்போது குழந்தையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை மறக்காமல் எடுத்துச் சென்று, கொடுத்த திகதியையும் மருந்தின் பெயரையும் அதில் எழுதுவித்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஏனெனில் அடுத்த சொட்டும் அதே மருந்தாக இருப்பதே நல்லது. உங்கள் மகளுக்கு இதைத் தொடங்கும் வயது கடந்துவிட்டது. அவளுக்கு அது தேவையும் இல்லை.